சுத்தமான இடத்துப் பை

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அன்று தொழிற்சாலையின் கூட்ட அறையில் அது உச்சந்தலைக்கே ஏறியிருந்தது.

அவள் லைக்கன் ஆய்வாளர். மரப்பட்டையில் சாம்பல் பச்சையாக ஒட்டி வளருமே, அதுதான் லைக்கன். அதற்கு வேர் கிடையாது. காற்று கொடுப்பதுதான் அதற்குச் சாப்பாடு. ஈயத்தைக் கொடுத்தால் ஈயத்தையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால்தான் மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்து, வலைப்பைகளில் போட்டு, ஈயம் உருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு அடுத்த பள்ளிக்கூடத்தில் தொங்கவிட்டாள். அங்கே பிள்ளைகள் ரத்தசோகையும் வயிற்றுவலியுமாகச் சுருண்டு கிடந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, புகை படாத ஓர் இடத்திலும் பை தொங்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டியவன் அவளுடைய தம்பி, இதே தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பொறியாளர்.

"எங்க குவார்ட்டர்ஸ்ல தொங்கவிடுக்கா. புல்தரை, மரம் எல்லாம் இருக்கு. இதைவிடச் சுத்தமான இடம் எங்க கிடைக்கும்?"

பாவி, மனதாரத்தான் சொன்னான். நிர்வாகம் ஒத்துக்கொண்ட இடமும் அது ஒன்றுதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

இப்போது மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ரெண்டு பையிலயும் ஈயம் கிட்டத்தட்ட ஒரே அளவு. வித்தியாசமே இல்ல. அப்புறம் எங்க புகை மேல என்ன தப்பு?"

தம்பியும் தலையாட்டினான். கூடப் பிறந்தவன்!

"யார் காதுல சார் பூ சுத்துறீங்க?" என்று எழுந்தாள். "எங்கேயும் தொங்கவிடாம மூடி வச்ச காட்டு லைக்கன் கொஞ்சம் என்கிட்ட இருந்தது. அதையும் சோதிச்சேன். அதுல ஈயம் இல்லன்னே சொல்லலாம். ரெண்டு பையும் ஒண்ணா இருக்குன்னா ரெண்டு இடமும் சுத்தம்னு அர்த்தமில்ல, ரெண்டும் நாசமாப் போச்சுன்னு அர்த்தம்!"

தம்பியின் பக்கம் திரும்பினாள். "பையை எங்கடா கட்டினோம்? சொல்லு."

"என் வீட்டுல..." அவன் முகம் வெளிறியது. "பாப்பா தூங்குற ரூம் ஜன்னல்லக்கா."

சொன்னவன் யாரையும் பார்க்காமல் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "பாப்பாவைத் தூக்கிட்டு இப்பவே உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு. துணிமணியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கிளம்புன்னா கிளம்பு!"

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள். அந்தக் குழந்தை அவளுக்கும் மருமகள், நெஞ்சு பதறத்தான் செய்தது. ஆனால் கோபம் இம்மியும் இறங்கவில்லை.

"நல்லது, போகட்டும்" என்றாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை எந்த அம்மா வீட்டுக்குடா அனுப்புவ?"

தம்பியின் கையிலிருந்த போனில் மனைவி, "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.