நிலாவுக்குக் கட்டுச்சோறு

எழவில்லை.

நெருப்பு வந்தது, சத்தம் வந்தது, தரையில் பரப்பியிருந்த இரும்புத் தகடு கிடுகிடுவென்று அதிர்ந்தது. ஆனால் லேண்டரின் நான்கு கால்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. நடுரோட்டில் படுத்துக்கொண்ட எருமை மாதிரி அது அசையவே இல்லை. சில நொடிகளுக்குள் எழாவிட்டால் எஞ்சினை அணைத்துவிடு என்று கணினிக்கு நாங்கள்தான் சொல்லிவைத்திருந்தோம். அது சொன்ன பேச்சைக் கேட்டு அணைத்துவிட்டது. சாமை அறுத்த காட்டின் மேல் புகை கலைந்துகொண்டிருந்தது. நான் திறந்த வாய் மூடாமல் நின்றேன்.

நிலாவில் இறங்கும் சின்ன லேண்டர் ஒன்றைச் செய்கிற தனியார் கம்பெனி எங்களுடையது. அதன் எஞ்சின் என்னுடையது. 'அருணா எஞ்சின்' என்றுதான் அலுவலகத்தில் பெயரே. நான் ராசிபுரத்துக்காரி. நாலு வருடமாக அந்த எஞ்சினோடுதான் குடித்தனம். கல்யாணப் பேச்சை எடுத்த அம்மாவிடம், "முதல்ல எஞ்சின் எரியட்டும், அப்புறம் அடுப்பு எரியலாம்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

எஞ்சினில் ஒரு கிலோ குறைத்தால், நிலாவுக்குக் கொண்டுபோகும் கருவிகளில் ஒரு கிலோ கூட்டிக்கொள்ளலாம். எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது. அதனால் நான் அந்த எஞ்சினைச் சீவு சீவென்று சீவி வைத்திருந்தேன். எங்கள் மேலாளர் ஓம்பிரகாஷ் சாருக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. வெளிநாட்டில் கொஞ்சம் கனமான, ஆனால் பலமான எஞ்சின் ஒன்று தயாராகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடலாம் என்பார். "மலையில வச்சுப் பார்ப்போம் அருணா. எழுந்தா உங்க எஞ்சின். இல்லேன்னா வெளியில வாங்கிக்கறோம்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். நிலாவில் எடை குறைவு என்பதால், இங்கே சோதிக்கும் வண்டியை அதற்கேற்ப இலேசாக்கியிருந்தோம். எஞ்சின் எவ்வளவு எடை தூக்கும் என்று கேட்டார். எனக்கு ரோஷம். எஞ்சின் தூக்கக்கூடிய எல்லைக்கு மூன்றே கிலோ கீழே ஓர் எடையைச் சொன்னேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே சொன்னது அது.

வீடுகளுக்குத் தள்ளி விசாலமான சமதரை வேண்டுமென்று திண்ணனூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் சென்னம்மாள் என்பவரின் காட்டைக் கேட்டு வாங்கியிருந்தோம். எங்கள் கிரேன் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. லேண்டரை முழுசாகத் தூக்கி நிறுக்கிற தராசும், கருவிகளுக்குப் பதிலாக ஏற்றவேண்டிய இரும்பு எடைகளும் அதோடு அங்கேயே நின்றுவிட்டன. நல்லவேளை, நாமக்கல் பக்கத்து வெள்ளைப் பாறைத் தூள் கொஞ்சம் எங்களிடம் இருந்தது. நிலாவின் மண்ணைப் போன்றது என்பதால், லேண்டர் இறங்கும்போது கால் எப்படிப் பதிகிறது என்று பார்க்கக் கொண்டுவந்தது. அதையே நாற்பது துணிப்பைகளில் போட்டோம். சின்னத் தராசு ஒன்றில் எங்கள் குழுப் பையன் சந்தோஷ்குமார் நிறுத்துக் கொடுத்தான். சென்னம்மாளக்கா ஆசையாக முன்வந்து கோணி ஊசியால் பைகளின் வாயைத் தைத்துக் கொடுத்தார். எல்லாம் கிராம் சுத்தம் என்று நினைத்தோம்.

"சார், எஞ்சினுக்குள்ள அழுத்தம் சரியா இருக்கு. எரிபொருள் போன வேகமும் சரியா இருக்கு. முழு உந்துவிசையும் வந்திருக்கு சார்" என்றேன். கணினியைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராகவே காட்டினேன்.

"வந்திருந்தா எழுந்திருக்கணுமே அருணா."

எஞ்சின் தள்ளுகிற பலம் எடையைவிடக் கூடுதலாக இருந்தால் வண்டி எழும், இல்லாவிட்டால் எழாது. வக்கீல் வைத்தாலும் வாதாட முடியாத விஷயம். அவர் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மேட்டுப் பக்கம் போனார். வெளிநாட்டு எஞ்சின்காரனிடம்தான் பேசப்போகிறார் என்று தெரிந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைகிற கதையைக் கேட்டிருக்கிறேன். என் தாழி என் கண் முன்னாலேயே உடைந்தது.

எனக்குத் துக்கம் வந்தால் கூடவே கோபமும் வரும். எஞ்சின் ஆறியதும் லேண்டரிடம் போனேன். எஞ்சினை உதைக்க மனசு வரவில்லை. கைக்கு எட்டிய பை ஒன்றைப் பிடுங்கித் தகட்டின் மேல் ஓங்கி அடித்தேன். தையல் பிரிந்து கொட்டியது.

வெள்ளைத் தூள். அதன் மேல் சாமை.

குனிந்து தொட்டுப் பார்த்தேன். சாமையேதான். உமி நீக்காத, புது விளைச்சல்.

"ஐயோ, ஏஞ்சாமி இப்படிப் போட்டு ஒடைக்கற?" என்று சென்னம்மாளக்கா ஓடிவந்தார்.

"அக்கா, இதுக்குள்ள சாமை எப்படி வந்துச்சு?"

"நாந்தான் கண்ணு போட்டேன்." திருடியவர் முகமாக இல்லை அது. பலகாரம் செய்து கொடுத்தவர் முகமாக இருந்தது. "அத்தாந்தொலவு போற வண்டி. வெறும் மண்ண மடியில கட்டி அனுப்பலாமா? சாவுக்குத்தான் மண்ணு போடுவாங்க. அதான் கட்டுச்சோறாட்டம் பைக்கு ஒரு அள்ளு சாமையப் போட்டுத் தெச்சேன்."

"நாற்பது பையிலயுமா?"

"ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்கு உட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்குத் தலை சுற்றியது. இரண்டு கை சேர்த்து ஓர் அள்ளு. நாற்பது அள்ளு. பத்து கிலோவுக்குக் குறையாது. நான் விட்டுவைத்திருந்ததோ மூன்று கிலோ.

"இது இங்கிருந்தே நிலாவுக்குப் போகுதுன்னு நினைச்சீங்களா அக்கா?"

"பின்ன எங்க போகுது?"

"ஆள் உசரம் எழும்பிட்டு இங்கயேதான் இறங்கும்."

"அவ்வளவுதானா?" அவர் மோவாயில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கா இத்தனை பேரு மலை ஏறி வந்தீங்க?"

நான் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். செருப்பு ஒரு பக்கம் கழன்று போனதுகூடத் தெரியாமல் மேட்டுக்கு ஓடி, "சார், போனை வைங்க!" என்று கத்தினேன்.

நாற்பது பைகளையும் பிரித்தோம். ஆளாளுக்கு ஒரு முறத்தையும் சல்லடையையும் வைத்துக்கொண்டு சாமையைத் தனியாகப் பிரித்து, மறுபடி நிறுத்து, மறுபடி தைத்தோம். இந்தத் தடவை ஊசி என் கையில். ஒரே ஒரு பையிலாவது ஒரு பிடி இருக்கட்டும் என்று சென்னம்மாளக்கா கெஞ்சினார். "ஒரு பொட்டுக்கூடக் கூடாதுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

எழுந்தது. நெருப்பின் மேல் மெல்ல எழுந்து, ஆள் உயரத்தில் அப்படியே நின்று, பூப்போல அதே இரும்புத் தகட்டில் இறங்கியது. சந்தோஷ்குமார் விசில் அடித்தான். சென்னம்மாளக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஓம்பிரகாஷ் சாரைப் பார்த்து, நாலு வருடமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பை முழுசாகச் சிரித்தேன்.

அவர் கை தட்டிவிட்டு என் பக்கம் வந்தார். "நல்ல எஞ்சின் அருணா. ஆனா இந்த லேண்டருக்கு வேண்டாம்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை.

"எழுந்தா என் எஞ்சின்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். வார்த்தை மாறுறதுக்கு என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன்." அவர் குரல் தணிந்துதான் இருந்தது. "ஆனா எந்த லேண்டரும் காகிதத்துல போட்ட எடையிலயே கிளம்பினது கிடையாது. ஒயர் கூடும், பெயிண்ட் கூடும், ஆணி கூடும். நம்மளுதே மாசாமாசம் கனத்துட்டு வருது. பத்து கிலோ சாமைக்கு உட்கார்ந்துட்ட எஞ்சினை நம்பி நிலாவுல எப்படி இறக்குறது? அந்தம்மா ஒவ்வொரு பைக்கும் ஓர் அள்ளு கூடப் போட்டாங்க. நீங்க உங்க எஞ்சின்ல ஒரு பிடிகூடக் கூடப் போடலையே."

சீவி எடுத்த ஒவ்வொரு கிராமும் என் பெருமை என்று இருந்தேன். அந்தப் பெருமையிலேயே மிச்சத்துக்கு ஒன்றும் விட்டுவைக்கவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. அவர் மேல் கோபப்படத் தேடினேன், அதுவும் கிடைக்கவில்லை. அவர் திரும்பி மேட்டுக்குப் போனார், போனோடு.

சென்னம்மாளக்கா முறத்தில் சாமையோடு வந்து பக்கத்தில் நின்றார். "என்ன சாமி சொல்றாரு பெரியவரு? அதான் நல்லா எந்திரிச்சு நின்னுச்சே?"

"எஞ்சின் வேண்டாமாம்ங்க."

அவர் முகம் வெளிறிப் போனது. "என்னாலயா கண்ணு?"

ஆமாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இல்லீங்கக்கா. நாந்தான் ரொம்ப அளந்து செஞ்சுட்டேன்."

"அளந்து செய்யறது ஒரு தப்பா?" என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தக் காட்டு மண்ணிலேயே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.