ஜோதிக்கு விழுந்த சீட்டு

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு செம்பாக்கத்து வீட்டு வாசலுக்கு வந்த ரங்கன் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பேசுவது அவர் பெற்ற மகளேதான்.

“அந்தக் கரையில் மீனவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.”

ஜோதிலட்சுமி எல்.எல்.எம். படிக்கிறாள். பல நாட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வழியாகச் சேர்ந்து படிக்கிற சட்டப் படிப்பு. எதையும் முதலில் தமிழில் வாய்விட்டுப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் இங்கிலீஷில் எழுதுவாள். பாவம், அந்தப் பழக்கமே அன்று அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

“இதுக்குத்தான் படிச்சியா? நம்ப கரைய வளைச்சவனுக்கே பேசுறியே!”

குப்பத்தில் அவர்கள் வலை உலர்த்திய மணலை ஒரு ரிசார்ட் கம்பெனி வேலி போட்டு வளைத்து நாலு வருஷம். அதற்கப்புறம்தான் இங்கே வாடகைக்கு வந்தார்கள்.

“அப்பா, இது நெஜ கேஸ் இல்லப்பா, கோர்ட்ல மாதிரி வாதாடிக் காட்டுற பரீட்சை. சாயங்காலம் கம்ப்யூட்டர்ல நடக்கும். யாரு எந்தப் பக்கம்னு சீட்டு குலுக்கினாங்க. எனக்குக் கம்பெனி விழுந்துச்சு. மீனவங்களுக்கு ஒரு கென்யாப் பொண்ணு பேசுறா.”

“மாத்திக்க முடியாதா?”

“முடியாதுப்பா.” அவள் நோட்டைத் தள்ளி வைத்தாள். “உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாயே வரல. நான் பரீட்சைல உக்காரல, விடு.”

அடுப்படியிலிருந்து ரங்கனின் மனைவி பாப்பா எட்டிப் பார்த்தாள். “நல்லாக்கீதே ஞாயம்! யோவ், பொண்ணு படிப்ப வுட்டுடும்போலக் கீது. தூணாட்டம் நின்னுகினு கீற? எதனா சொல்லு.”

ரங்கன் கூடையை இறக்கிவைத்து, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“எழுதிக்கோ. நம்ப கரைய வளைச்சப்ப நடந்த மீட்டிங்குல கம்பெனி வக்கீலு சத்தமே போடல. சிரிச்சிகினே கேட்டான். ‘பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கோம்னு சொல்றீங்களே, ஒரு துண்டு பேப்பர் காட்டுங்க’ன்னான். நாப்பது பேரு போயிருந்தோம். ஒருத்தனும் வாயத் தொறக்கல. எய்ந்து வந்துட்டோம்.”

ஜோதியின் பேனா நகரவில்லை. “இத நானே கேக்கணுமாப்பா?”

“கேளு. அயுதுகினு கேக்காத, அவனாட்டம் நல்லாக் கேளு.” அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். “நானும் இங்கயே ஒக்காந்துகினு கீறேன். அந்தக் கென்யாப் பொண்ணு இன்னா பதில் சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்.”