எதிரான ஆதாரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் நோட்டை அவளுக்குத் தெரியாமல் படித்தேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். நோட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. 'கிடந்தது' என்பதும் பொய். அவள் பைக்குள் இருந்தது. ஜிப்பைத் திறந்தது நான்தான்.

2

முதல் தொடக்கம்: "பரிசோதனைக் கூடத்தின் மாடிப்படியில் மாலை வெயில் சாய்ந்து..." (வேண்டாம். அந்தப் படியில் வெயிலே விழாது.)

இரண்டாம் தொடக்கம்: "அவளுக்குப் பைத்தியமில்லை, ஆனால்..." (இந்த 'ஆனால்' எதற்கு?)

நடந்ததை நேராகவே சொல்கிறேன். அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தம் எடுத்த குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவள் பொறுப்பு. பதினோரு வருடத்தில் ஒரு சீட்டும் மாறியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், கையில் ரிப்போர்ட்டோடு ஒருவர் சுவரில் சாய்ந்து அழுவதைப் பார்த்தாள். அது வேறொருவரின் ரத்தமாக இருந்தால்? ரிப்போர்ட் சரிதான் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. வேலை முடிந்து படியிறங்குவாள், பாதியில் திரும்பி ஏறுவாள், குழாய்களை மறுபடி பார்ப்பாள். நாலு தடவை, ஐந்து தடவை. கூடத்தில் அவளுக்கு 'மறுபடி மேடம்' என்று பேர் விழுந்தது. கேட்டதும் நானும் சிரித்தேன். வேலை பார்க்க முடியாமல் அவள் விடுப்பு எடுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

3

விடுப்பில் இருந்தபோது ஒரு மனநல ஆலோசகரிடம் போனாள். (கதைக்குச் சுவை சேர்க்க இவரை அரைகுறையான ஆளாக மாற்றலாமா என்று யோசித்தேன்.*)

"பயத்த விரட்ட வேணாம்னு சொல்றாங்கடா," என்றாள். "வந்தா வரட்டுமாம். ஆனா அது சொல்றத எல்லாம் தீர்ப்பா எடுத்துக்கக் கூடாதாம். ஆதாரம் கேக்கணுமாம்."

"வக்கீல் மாதிரியா?"

"வாதி, பிரதிவாதி, ஜட்ஜு, எல்லாம் நானே. வாசல்ல நின்னு பேர் கூப்பிடற டவாலி வேலைக்கு வேணா நீ வா."

ஆலோசகர் எழுதச் சொன்ன நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள். என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, அதற்கு ஆதாரம், எதிரான ஆதாரம், இப்போது என்ன தோன்றுகிறது. ஓரத்தில், நூற்றுக்கு எத்தனை பயம் என்று ஓர் எண். வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு பயிற்சியும் உண்டு: படி ஏறாமல் வீட்டுக்குப் போவது. முதல் நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி 95 என்று எழுதியிருக்கிறாள். பத்து நிமிடம் கழித்தும் 95. பஸ்ஸுக்குள் 70. வீட்டில் 40. அதற்குக் கீழே, கோணலான எழுத்தில்: "தானாகவே இறங்கியது."

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் ஒரே தடவை பார்த்துவிட்டு இறங்கி வரத் தொடங்கினாள். அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலை நடந்ததால், இரண்டு வாரம் தங்குவதாக அப்போது என்னிடம் வந்தாள்.

* அவர் அரைகுறை இல்லை. அக்கா தேறிக்கொண்டிருந்தாள். என் கதைக்கு அது இடைஞ்சல் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைக்க மாட்டேன்.

4

நான் படித்தவற்றில் கடைசிப் பக்கம் இது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

நடந்தது: தம்பி வீட்டில் தங்கல்.
மனசு சொன்னது: இவன் என்னைப் பற்றி எழுதிவிடுவான். பயம் 80.
ஆதாரம்: அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததை எழுதினான். அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதினான். நான் பேசினால் சில இடத்தில் அசையாமல் நின்று மனசில் குறித்துக்கொள்கிறான்.
எதிரான ஆதாரம்: கேட்டேன். சத்தியமாக மாட்டேன் என்றான். என்மேல் பாசம் உண்டு.
இப்போது தோன்றுவது: எழுதுவான் என்று நிச்சயமில்லை. எழுதினாலும் என்னால் தாங்க முடியும். பயம் 35.

அப்போது இந்தக் கதையின் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் என் கணினியில் பாதி பாதியாக இருந்தன. நோட்டை மூடி வைத்துவிட்டு, 'எழுதினாலும் என்னால் தாங்க முடியும்' என்ற வரியை அனுமதியாக எடுத்துக்கொண்டு, நான்காம் பகுதியைத் தொடங்கினேன்.

5

ஒரு முடிவு: அவள் படித்துவிட்டு என் தலையைத் தடவுகிறாள். (பொய்.)

இன்னொரு முடிவு: நான் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். (நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்களே.)

நடந்தது வேறு. இரண்டு நாள் பொறுத்து, அவள் நோட்டைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டப் படிச்சியா?"

"படிச்சேன்க்கா."

"எழுதிட்டியா?"

"பாதி."

ஒரு சட்டையை மடித்து முடித்தாள். என்னுடைய சட்டை.

"ஆறு மாசமா, என் மனசு சொல்றது எல்லாம் நெசமில்லன்னு கத்துக்கிட்டு வர்றேன். இது நெசமாப் போச்சு," என்றாள். "இனிமே எத நம்பறதுன்னு தெரியலடா."

மறுநாள் காலை கிளம்பிவிட்டாள். அவள் வீட்டுக் குழாய் வேலை அப்போதும் முடியவில்லை. அந்த வாரம் அவள் மூன்று தடவை படியேறிப் பார்த்ததாகக் கூடத்தில் ஒருவர் சொன்னார்.

6

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"அந்த ஆலோசகர்கிட்ட சொன்னேன்," என்றாள். "ஒரு பயம் பலிச்சதுன்னா எல்லாப் பயமும் பலிக்கும்னு அர்த்தமில்லையாம். பலிச்சதுக்கு வருத்தப்படலாமாம். அது வியாதி இல்லையாம்."

"அக்கா, நான்..."

"நீ பேசாத. கதைய அனுப்பு. படிக்காம இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. நான் சொல்லாம அச்சுக்குப் போகக் கூடாது."

"சத்தியமா போகாதுக்கா."

"உன் சத்தியத்த வச்சு நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலையே அனுப்பினேன், இந்த வரிக்கு முந்தைய வரி வரை. நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அவள் சரி என்று சொன்னாள். அல்லது, பதில் வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

எது என்று என்னால் சொல்ல முடியும். இவ்வளவும் படித்த பிறகு நீங்கள் அதை ஏன் நம்ப வேண்டும்?