சம்பந்தி கொடுத்த மாத்திரை

சம்பந்திகள் என்றால் கொஞ்சம் உரசல் இருக்கத்தான் செய்யும். இந்த இருவருக்கும் உரசுவதுதான் பொழுதுபோக்கு. பெண்ணின் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எதிரில் இருப்பவர் பேசினாலும் காலால் பிரேக்கைத் தேடுவார். மாப்பிள்ளையின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். இருவருக்கும் சர்க்கரை. போதாக்குறைக்கு, சில வார இடைவெளியில் ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பைபாஸ். காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் தைத்திருந்தார்கள்.

"எனக்கு மூணு குழாய். உங்களுக்கு ரெண்டுதானாமே?" என்று டிரைவிங்காரர் கட்டிலில் படுத்தபடியே கேட்டார், பார்க்க வந்த சம்பந்தியிடம்.

"எனக்கு ரெண்டே போதும்னு விட்டுட்டாங்க. உங்களுக்குத்தான் ரிப்பேர் ஜாஸ்தி" என்றார் கடைக்காரர்.

இருவரையும் பார்த்த டாக்டர் பொறுமைசாலி. "சர்க்கரை இருக்கறவங்களுக்கு இப்படித் தைச்ச குழாய் உள்பக்கம் தடிச்சு, சீக்கிரம் அடைச்சுக்கும். அதைத் தடுக்க முடியுமான்னு ஒரு மருந்தைச் சோதிச்சுப் பார்க்கறோம். வழக்கமான மாத்திரைகளோட இதையும் ஒரு வருஷம் சாப்பிடணும். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. இஷ்டம் இருந்தா சேரலாம்."

டிரைவிங்காரர் உடனே கையெழுத்துப் போட்டார். அவர் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும் கடைக்காரரும் போட்டார்.

அன்றிலிருந்து வீடு ரெண்டுபட்டது. டிரைவிங்காரர் தினமும் சாயங்காலம் நடந்து மகள் வீட்டுக்கு வருவார். வந்ததும் பேச்சு மாத்திரைதான்.

"என்னோடது நிஜ மருந்து. போட்டா வயிறு லேசா எரியுது."

"எரியறது நீங்க தின்ன பஜ்ஜி" என்பார் கடைக்காரர். அவர் தன் மாத்திரையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்திருந்தார். வெள்ளையாக இருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "என்னோடது கசக்குது. மாவு கசக்குமா?"

மகள் நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பாள். ஒருவருக்கு மகள், ஒருவருக்கு மருமகள். யார் பக்கம் சிரித்தாலும் மற்றவர் முகம் தொங்கிவிடும். அதனால் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

பாதி வருஷம் இப்படிப் போனது. பிறகு கடைக்காரர் மெல்ல வாடினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்துவிட்டது. ஒரு நாள் டிரைவிங்காரர், "உங்களுக்கு மாவுதான்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார். வழக்கம்போல் பதில் வரும் என்று காத்திருந்தார். கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவிங்காரருக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் வந்தவர், மகள் உள்ளே போனதும் பையிலிருந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினார்.

"புடிங்க. உங்களோடதை இங்க குடுங்க."

"எதுக்கு?"

"என்னோடதுதான் நிஜம். எனக்குத் தெரியும். என் குழாயெல்லாம் லாரி டயர் மாதிரி, ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கூட சண்டை போடறது?"

கடைக்காரர் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு?"

"பேசாம வாங்குங்க சம்பந்தி. மகள் வந்துடுவா."

கடைக்காரர் வாங்கிக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தார். ஆனால் குட்டு ரொம்ப நாள் மறைந்திருக்கவில்லை. மாமனாரின் மாத்திரைகளை எடுத்து வைப்பவள் மருமகள்தான்; டப்பாவில் ஒட்டியிருந்த எண் மாறியிருப்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. சாயங்காலம் இருவரையும் சோபாவில் உட்கார வைத்தாள்.

"இது அப்பாவோட எண். இங்க எப்படி வந்தது, மாமா?"

இருவரும் திருட்டுப் பூனைகள் மாதிரி முழித்தார்கள். கடைசியில் டிரைவிங்காரர்தான் வாய் திறந்தார். கேட்டு முடித்ததும் அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பாசம் இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்ப்பா. டப்பாவையா மாத்துவாங்க?" என்றவள், மறுநாள் காலையே இருவரையும் காரில் ஏற்றினாள்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "மருந்தை மாத்திட்டா எதைப் பார்த்து நான் என்ன சொல்றது? இனிமே அவங்கவங்க டப்பா அவங்கவங்களுக்கு" என்று கண்டித்து, நடந்ததை அப்படியே குறித்துக்கொண்டார். கடைக்காரருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை. ஏன் வந்தது என்று தேடிப் பார்த்து, வயிற்றுப் புண்ணுக்கு வைத்தியம் செய்து, இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சீக்கிரமே படியேறினார், படியேறியதும் பேச்சும் பழையபடி ஏறியது.

வருஷம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கடைக்காரரின் ரெண்டு குழாயும் திறந்திருந்தன. டிரைவிங்காரருடையதில் ஒன்று மட்டும் லேசாகச் சுருங்கியிருந்தது. பயமில்லை, கவனமாக இருந்தால் போதும் என்றார்கள். சோதனை முழுவதும் முடிந்த பிறகு டாக்டர் இருவரையும் கூப்பிட்டு, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று சொன்னார்.

கடைக்காரருக்கு நிஜ மருந்து. டிரைவிங்காரருக்கு வெறும் மாத்திரை.

டிரைவிங்காரருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உயிரைக் கொடுப்பதாக நினைத்து மாவைக் கொடுத்திருக்கிறார். கொடுத்ததோடு, உடம்பு முடியாத மனுஷனின் மருந்தை வாங்கித் தானே விழுங்கியிருக்கிறார்.

"டாக்டர், அந்தச் சில நாள்ல இவருக்கு ஏதாவது..." என்று இழுத்தார்.

"ஒண்ணும் ஆகலை. உங்க ரெண்டு பேரை மட்டும் வச்சு மருந்து நல்லதா இல்லையான்னும் சொல்ல முடியாது. எல்லாரோட கணக்கும் பார்க்கணும்."

வெளியே வராந்தாவில் டிரைவிங்காரர் தலையைக் குனிந்தபடி நடந்தார். கடைக்காரர் பக்கத்தில் வந்து அவர் தோளில் கை போட்டார்.

"சம்பந்தி, ஊர்ல எத்தனையோ சம்பந்தி இருக்கான். எனக்காக மாவைத் தியாகம் பண்ணவர் நீங்க ஒருத்தர்தான்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டலா? நிஜமாச் சொல்றேன். உங்களுக்கு அது மாவுன்னு தெரியாதே."

டிரைவிங்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் வந்த மகளுக்கு இந்த முறை சிரித்துவிட்டு வரச் சமையலறை இல்லை. வராந்தாவிலேயே சிரித்தாள்.