சகலையின் கோடு

காகிதம் மறுபடியும் அறுந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் உருளைகள் வெறுமனே சுற்ற, ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில், மூத்த சகலை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் இரண்டு கோடுகள். நீலம், காகிதத்தின் ஈரம். அவர் வடிவமைத்த லூப், அதாவது அளவைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் சுற்று. சிவப்பு, நீராவியின் அழுத்தம். அவருடைய மைத்துனியைக் கட்டிய இளைய சகலையின் லூப். இரண்டும் பேய் பிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தன.

ஏற்பாடு எளிமையானதுதான். ஈரத்தைப் பார்த்து, இவ்வளவு நீராவி வேண்டும் என்று மூத்தவருடைய லூப் உத்தரவு போடும். இளையவருடையது வால்வைத் திருகி அந்த அளவைப் பிடிக்கும். காகிதமும் காய வேண்டும், நீராவியும் மிச்சமாக வேண்டும். சரக்கும் முதல் தரம், விலையும் அடிமட்டம் என்று கேட்கிற கிராக்கிபோலத்தான் முதலாளியும். அதனால் உத்தரவு போடுகிறவருக்கு நிதானம் வேண்டும். போகிறவனைப் பாதி வழியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருப்பினால் அவன் எங்கே போய்ச் சேருவான்?

இது மூத்தவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நேற்று மேலாளர் சிவப்புக் கோட்டைக் காட்டி, "உங்க சகலையோடத பாருங்க, என்ன சுறுசுறுப்பு! உங்களுது என்ன, குறட்டை விடுதா?" என்று சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போனால் மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரர்தான் புது மிஷினுக்குத் தலைவராமே?" என்றாள். காலையில் சகலை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய லூப்பை நிறுத்திவிட்டு, வால்வைத் தன் லூப்பே நேராகப் பிடிக்கும்படி மாற்றி, அதன் வேகத்தை ஏற்றிப் பார்த்தார். ஜம்மென்று ஓடியது. அந்த வேகத்தை அப்படியே வைத்து, இரண்டையும் பழையபடி சேர்த்துவிட்டார். அதிலிருந்துதான் இந்த ஆட்டம்: ஓர் உத்தரவை இளையவருடையது பிடிக்குமுன் அடுத்தது வந்து விழுந்தது.

மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ரெண்டுல ஒண்ணத் தூக்கப்போறேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க. யாரோடது நிக்குதோ, அவர்தான் புது மிஷினுக்கு."

மூத்தவர் வாயைத் திறக்குமுன் இளையவர் முந்திக்கொண்டார். "என்னோடதையே தூக்கிடுங்க சார். நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன். சகல பாவம், காலையிலருந்து டீகூடக் குடிக்காம உக்காந்திருக்காரு."

பழம் தானாக மடியில் விழுந்தது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் மேலாளர் இளையவரைப் பார்த்த பார்வையை மூத்தவர் கவனித்துவிட்டார். அப்படிக் கனிந்து தன்னை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. தோற்பதிலும் இவன் நல்ல பேரைத் தட்டிக்கொண்டு போகிறானே! இந்தக் கதை மாமனார் வீட்டுக்குப் போனால் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்!

"யாரோடதையும் தூக்க வேணாம். கொஞ்சம் இருங்க" என்று சிடுசிடுத்துவிட்டு, தன் லூப்பின் வேகத்தைப் பழைய அளவுக்கும் கீழே இறக்கினார்.

காகிதத்தை மறுபடி ஏற்றினார்கள். ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. நீலம் நேராகப் படுத்துக்கொண்டது. சிவப்பு மட்டும் துறுதுறுவென்று துள்ளி வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, என்னமா வேல செய்யுது!" மேலாளர் இளையவரின் முதுகில் தட்டினார்.

"சகல சொல்ற அளவத்தான் சார் அது பிடிக்குது," என்றார் இளையவர். மேலாளர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காகிதம் ஒரு சுருக்கமில்லாமல் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவரின் விரல் இன்னும் மவுஸின் மேலேயே இருந்தது. திரையில் அம்புக்குறி, வேகத்தைக் காட்டும் அந்தச் சின்னக் கட்டத்தை விட்டு நகரவில்லை.