சகலன் கொடுத்த தேன்பெட்டி

உமாபதியின் வயிற்றெரிச்சல் ஒரு போத்தல் தேனில் ஆரம்பித்தது. எண்பத்தாறாம் வருஷத் தீபாவளிக்கு அவனுடைய சகலன் சின்னையா கொண்டுவந்த போத்தல் அது. உமாபதியின் மனைவி திலகம் அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். எஸ்டேட் வரிசை வீடுகளான அந்த லயத்தில் யார் வந்தாலும் ஒரு கரண்டி ஊற்றி, "எங்க தங்கச்சி கங்கா வீட்டுக்காரர் சொந்தமா எடுத்தது" என்பாள். பதினோரு வருஷமாக எஸ்டேட் லோரி ஓட்டுகிறவன் உமாபதி. ஒரு விபத்து கிடையாது, ஒரு நாள் குடித்துவிட்டு ஓட்டியது கிடையாது. அவனைப் பற்றி அவள் யாரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போதாக்குறைக்குத் தேன் நன்றாக வேறு இருந்தது.

தேன் எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவள் மூன்று மாதம் நச்சரித்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கங்காணியான மண்டோரின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு, தஞ்சோங் காராங் போகும் வழியில் சின்னையா குத்தகைக்கு எடுத்திருந்த தென்னந்தோப்புக்குப் போனார்கள்.

மரத்தடியில் ஆறு பெட்டிகள் நின்றன. எறும்பு ஏறாமல் இருக்க, ஒவ்வொரு காலும் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிய டின்னுக்குள் இருந்தது. சின்னையா தேங்காய் மட்டையைப் புகைய விட்டான். முகத்துக்கு ஒரு துணிகூடக் கட்டவில்லை. மூடியைத் திறந்து ஓர் அடைச் சட்டத்தை மெதுவாகத் தூக்கினான். அவன் கைமேல் தேனீக்கள் சாவகாசமாக நடந்து போயின. சோறு போட்டு வளர்த்த பிள்ளைகூட இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளாது என்று உமாபதி நினைத்துக்கொண்டான்.

"இந்தா பாருங்கக்கா, நீளமா, கறுப்பா இருக்கே, இதான் ராணி" என்றான் சின்னையா. "ஒரு பொட்டிக்கு ஒண்ணுதான். முட்டை போடுறதெல்லாம் இதான். இது போச்சுன்னா கூட்டமே நிலைக்காதுலா."

"இவ்ளோ பூச்சில எப்படித் தம்பி கண்டுபிடிச்சீங்க!" என்று திலகம் வாயைப் பிளந்தாள். சேற்றில் புதைந்த லோரியை ஒற்றை ஆளாக உமாபதி வெளியே எடுத்தபோது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள்.

ரோட்டோரம் ஒரு கார் வந்து நின்றது. தேன் வாங்க ஆள் வந்திருப்பதாகக் கங்கா குரல் கொடுத்தாள். "பயப்படாம புடிச்சிக்கிங்கண்ணே, இதோ வந்துடறேன்" என்று சட்டத்தை உமாபதி கையில் கொடுத்துவிட்டுச் சின்னையா போனான். அவன் எப்படி விற்கிறான் என்று பார்க்கத் திலகமும் பின்னாலேயே ஓடினாள்.

உமாபதி தனியாக நின்றான். ராணி அடையின் ஓரமாக நடந்து அவன் கட்டைவிரல் பக்கம் வந்தது. அவன் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நன்றாக யோசித்தான். பிறகு அழுத்தினான். நெல்மணியை நசுக்குகிற அளவு பலம்கூடத் தேவைப்படவில்லை. செத்ததைப் புல்லில் தட்டிவிட்டான். மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. அது வலிக்கக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

சின்னையா திரும்பி வந்து, சட்டத்தை வாங்கி உள்ளே இறக்கி, மூடியைப் போட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அக்கா, ஆறு பொட்டியில இதான் ரொம்ப நல்ல பொட்டி. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். பொழுது சாய்ஞ்சு எல்லாம் உள்ள வந்ததும் வாசலை அடைச்சுத் தரேன், வேன்ல ஏத்திக்கிங்க."

உமாபதிக்கு முகம் வெளுத்தது. "வேணாம் சின்னையா, லயத்துல பிள்ளைங்க ஓடியாடுற இடம்" என்று இழுத்தான். திலகம் அவன் இடுப்பில் கிள்ளினாள். பெட்டி வேனில் ஏறியது.

திரும்பும் வழியில் புக்கிட் ரோத்தான் தாண்டும்போதுதான் அவனுக்கு வேறொரு கணக்கு தோன்றியது. பெட்டி செத்தால் யாருக்குக் கெட்ட பெயர்? கொடுத்தவனுக்குத்தானே! சொத்தைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று திலகமே சொல்லப்போகிறாள். உமாபதி பாட்டுகூட முணுமுணுத்தான்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் அவன் போய் நின்ற இடம் லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பெட்டிதான். "பரவால்லையே, உங்களுக்கும் ஆசை வந்துருச்சு" என்றாள் திலகம். தேனீக்கள் வந்தன, போயின. ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. அவனுக்குத் தூக்கம் கெட்டது.

எட்டாம் நாள் சின்னையா மோட்டார் சைக்கிளில் வந்தான். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தவன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். அடையின் நடுவில் நிலக்கடலை மாதிரி மூன்று கூடுகள் தொங்கின.

"ராணி செத்துப்போச்சுக்கா" என்றான். "ஆனா கவலைப்படாதீங்க. அது விட்டுட்டுப் போன சின்னப் புழு இருந்திருக்கு. அதுக்குத் தனித் தீனி குடுத்து, இதுங்களே புது ராணி பண்ணிக்குதுங்க. பொட்டி பிழைச்சுக்கும்."

"எப்படித் தம்பி செத்துச்சு?"

சின்னையா ஒரு கணம் உமாபதியைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு அவசரத்துல மூடினேன்ல, என் கைதான் நசுக்கியிருக்கும். ஆசையா குடுத்த பொருளைக் கெடுத்துக் குடுத்துட்டேன். மன்னிச்சிக்கிங்கக்கா."

திலகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல தன் தப்பை யாரு தம்பி இப்படி ஒத்துக்குவாங்க? நீங்க மனுஷன்" என்றாள்.

உமாபதிக்குள் என்னவோ அறுந்தது. தேனுக்கும் சின்னையாவுக்கே பெயர், பெட்டிக்கும் அவனுக்கே பெயர். இப்போது செய்யாத தப்புக்குமா?

"அவன் ஒண்ணும் நசுக்கல!" என்று கத்தினான். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. "நான்தான் நசுக்கினேன். இந்த விரலாலதான். ராணின்னு தெரிஞ்சேதான் நசுக்கினேன்!"

கட்டைவிரலை உயர்த்தியும் காட்டினான்.

சின்னையா தலையைக் குனிந்து சட்டத்தை உள்ளே இறக்கினான். திலகம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் உமாபதியைத்தான் பார்த்தாள், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை, நிதானமாக. பதினோரு வருஷமாக அவன் ஏங்கிய பார்வை முழுசாக அவனுக்கே கிடைத்தது. அவனால் தலைநிமிர முடியவில்லை.