திருமூர்த்தி ஹீட்டர் வாங்கிய கதையில் ஒரு ஓட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் ஆபீஸ் நண்பன் திருமூர்த்தி செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார்ஹோம் வாங்கிவிட்டான். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் நாங்களெல்லாம் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினால், இவன் இன்னொரு வீட்டையே கொண்டுவந்து நிறுத்தினான். 2007 டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு கிராண்ட் கேன்யன் போகிறான். அபுதாஹிராகிய என்னை ஒப்புக்குக்கூடக் கூப்பிடவில்லை. வயிறு எரிந்தது. அவனை வைத்துக் காமெடியாக ஒரு கதை எழுதித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: "பனி போர்த்திய அரிசோனாவின் மடியில் ஒரு தனித்த வாகனம்..."

(சே! எனக்கே கொட்டாவி வருகிறது. அடித்தாயிற்று.)

இரண்டாவது முயற்சி: "ஹீட்டர் வாங்குவதற்குத் திருமூர்த்தி எக்செல் ஷீட் போட்டான்."

இது தேவலை. உண்மையும்கூட.

2

வண்டியில் இருந்த பழைய ஹீட்டர் செத்துப்போயிருந்தது. புதுசுக்கு இரண்டு வழி. ஒன்று, ஃபேன் வைத்த ஃபர்னஸ். அது புகையை வெளியே தள்ளும், கூடவே சூட்டிலும் கொஞ்சம் தள்ளிவிடும், வண்டி பேட்டரியையும் குடிக்கும். இன்னொன்று, சுவரில் மாட்டுகிற, ஃபேன் இல்லாத ஹீட்டர். எரிகிற புரொப்பேன் கேஸ் அத்தனையும் சூடாக மாறி உள்ளேயே நிற்கும். ஆனால் எந்நேரமும் ஒரு ஜன்னல் ஒரு இன்ச் திறந்திருக்க வேண்டும். அடைத்துவிட்டால் உள்ளே விஷவாயு சேரும்.

"ரெண்டாவதுதான் பாய். எஃபிஷியன்சி கிட்டத்தட்ட நூறு பர்சென்ட்," என்றான் திருமூர்த்தி.

"ஜன்னலத் தொறந்து வெக்கறதுக்கு எதுக்குங்ண்ணா ஹீட்டரு?" என்று என்னைக் கேட்டாள் அவன் மனைவி சாந்தாமணி. பொள்ளாச்சிக்காரி. காதில் காத்துப் பட்டால் சளி என்று மகள் வெண்பாவுக்கு ஃப்ரீமான்டிலேயே ஸ்கார்ஃப் கட்டுகிறவள்.

(இந்த இடத்தில் அவளை ஒன்றும் தெரியாதவளாகக் காட்டினால் சிரிப்பு வரும் என்று யோசித்தேன். கூடாது. அவள் எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். கேள்வியும் நியாயமானது.)

ஆனாலும் எக்செல் ஷீட்தான் ஜெயித்தது.

3

ஒரு காமெடி சீன் வேண்டுமே. இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, வண்டிக்குள்ளேயே ரசம் வைத்துப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். சாந்தாமணி வரமிளகாய் தாளித்தாள். சீலிங்கில் புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்து ஒரே அலாரம், அது ஊரையே கூட்டியது. திருமூர்த்தி டவலை வீசினான், நிற்கவில்லை. நான் ஸ்டூலில் ஏறிப் பேட்டரியைக் கழற்றினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ரசம் பிரமாதம்.*

* நான் போன நம்மாட்கள் வீடுகளில் பாதி அலாரத்துக்குப் பேட்டரி இல்லை. மீதிக்கு ஷவர் கேப் மாட்டியிருக்கும். தாளிப்பை விட முடியுமா, சொல்லுங்கள்?

4

இப்போது முடிவு.

முடிவு அ: புரொப்பேன் தீர்ந்துபோய் மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள்... (ரொம்ப இனிப்பு. வேண்டாம்.)

முடிவு ஆ: வெண்பாவுக்கு இருமல். புருஷன் பார்க்காதபோது சாந்தாமணி ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துண்டையும் செருகுகிறாள். தூங்குகிறார்கள். அலாரம் அலறுகிறது. பைஜாமாவோடு எல்லோரும் பனியில் ஓட, பக்கத்து வண்டிக்காரர் காபி கொடுக்கிறார். சிரிப்பு.

இதுதான் சரி! அலாரம் அலறுகிறது என்று டைப் பண்ணிவிட்டு, அடுத்த வரியில் நான்...

5

அலாரத்துக்கு ஏது பேட்டரி?

மூன்றாம் பகுதியில் நான்தானே கழற்றினேன். திரும்ப மாட்டியதாக எங்கேயும் எழுதவில்லை, ஏனென்றால் மாட்டவில்லை. இதோ, என் பேனா ஸ்டாண்டில் கிடக்கிறது. நேற்றே அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். திருமூர்த்திக்குப் போன் அடித்தேன்.

வெண்பா எடுத்தாள். "ஹாய் அங்கிள்! இட்ஸ் ஸ்னோயிங்!"

"ஜன்னல் தொறந்திருக்கா கண்ணு?"

"நோ, அம்மா க்ளோஸ்டு இட். ஐ ஹேவ் எ காஃப்."

"அம்மாகிட்ட குடு. சீக்கிரம்!"

"என்னங்ண்ணா?"

சாந்தாமணியிடம் நான் கத்தியதே இல்லை. அன்று கத்தினேன். "ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் வெளிய போங்க! அலாரத்துல பேட்டரி இல்லம்மா. நான் எடுத்தது எங்கிட்டயே இருக்கு."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சன்னமாக, "தல வலிக்குதுன்னு இப்பத்தாங்ண்ணா சொல்லிட்டிருந்தாரு. டிரைவ் பண்ணுன அலுப்புன்னு நெனச்சுட்டேன்."

பனியில் கொஞ்ச நேரம் நின்றதும் அவனுக்குத் தலைவலி விட்டது. வெண்பாவின் ரிமோட் கார் கன்ட்ரோலரில் அதே மாதிரி ஒன்பது வோல்ட் பேட்டரி இருந்தது. "பட் அங்கிள், மை கார்!" என்று அவள் அழ, திருமூர்த்தி அதை அலாரத்தில் மாட்டினான். அது ஒரு தடவை கீச்சிட்டது போனில் கேட்டது. நானும் அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

6

இது முடிவில்லை. நாளைக் காலை உப்புமா. சாந்தாமணி மிளகாயை எண்ணெயில் போடுவாள். அலாரம் கத்தும். திருமூர்த்தி ஜன்னலைத் திறப்பானா, ஸ்டூலைத் தேடுவானா?

அதை நான் எழுதப் போவதில்லை. பேட்டரியைப் பேனா ஸ்டாண்டில் போட்டு மறந்தவன் எழுதுகிற முடிவை நீங்கள் நம்பவும் வேண்டாம். படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து உங்கள் வீட்டு சீலிங்கைப் பாருங்கள். ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.